மரம் அரசனுக்கு, மண் நமக்கு: காந்தலூர் வீடுகளின் கதை

காந்தலூர் என்றவுடன் நம்மவர்களுக்கு ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை நினைவுக்கு வரும். அது தெற்கே கடலோரத்து ஊர். நான் சொல்வது உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மலையேறிப் போகும் இடுக்கி மாவட்டக் காந்தலூர். அஞ்சுநாடு என்று பெயர் பெற்ற ஐந்து தமிழ்க் கிராமங்களில் ஒன்று. மதுரைச் சீமையில் போரும் குழப்பமுமாக இருந்த காலத்தில் முன்னோர் இங்கே ஏறி வந்ததாக ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள்.

சுற்றிலும் காடு. மறையூர்ப் பக்கம் சந்தனம், கீழே இறங்கினால் தேக்கும் ஈட்டியும் (நம்மூரில் தோதகத்தி). ஆனால் அஞ்சுநாட்டின் பழைய வீட்டைப் பார்த்தால் மண் சுவர், உள்ளே கம்பும் மூங்கிலும், மேலே புல் கூரை. மரத்துக்கு நடுவே வாழ்ந்தவன் ஏன் மரத்தில் வீடு கட்டவில்லை? குளிருக்கு மண் சுவர் நல்லது என்பது உண்மைதான். ஆனால் அது பாதிப் பதில்.

மீதிப் பதில் திருவிதாங்கூர் அரசிடம் இருக்கிறது. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அங்கே ‘ராஜமரங்கள்’. யார் நிலத்தில் முளைத்தாலும் மரம் சர்க்காருடையது. குடியானவன் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாலும் கோடாலி வைக்க உரிமை கிடையாது. கூரையில் ஓடு போடவே அனுமதி வேண்டியிருந்த நாடு அது! ராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சியில்தான் (1815–1829) எல்லோரும் ஓடு வேயலாம் என்று விளம்பரம் வந்தது.

அதே அரசு தனக்காக எப்படிக் கட்டிக்கொண்டது என்று பார்க்க வேண்டுமானால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். தூண், மாடம், விதானம் எல்லாம் மரம். தச்சனின் உளி படாத இடம் குறைவு. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனையைக் கேரள அரசே வைத்துக்கொண்டது. மரக் கட்டடக் கலை நமக்குத் தெரியாத வித்தை அல்ல. அது யாருடைய வீட்டுக்குப் போயிற்று என்பதே கேள்வி.

மன்னராட்சி போயிற்று, ராஜமரம் போகவில்லை. 1964-ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிகளும் இதே நான்கு மரங்களைப் பட்டா நிலத்தில் அரசுக்கென ஒதுக்கின. 2020 அக்டோபரில் சந்தனம் தவிர மற்றவற்றை உரிமையாளர் வெட்டலாம் என்ற பொருளில் ஓர் உத்தரவு வந்தது. அதைக் காட்டி வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்களைச் சாய்த்தார்கள். 2021 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உரிமை கொடுத்தாலும் அனுபவிப்பது வியாபாரிதான் என்று சொல்பவர்களுக்கு அது நல்ல சாட்சியாகிவிட்டது.

நாடு முழுவதும் காற்று அதே திசையில்தான் அடித்தது. 1993-இல் மத்தியப் பொதுப்பணித்துறை தன் கட்டடங்களில் மரத்தைத் தடை செய்தது. நீலகிரியின் கூடலூரில் காடு அழிவதைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு காட்டு மரவெட்டை நாடெங்கும் கட்டிப்போட்டது. காட்டுக்கு அது பெரிய காவல், ஐயமில்லை. ஆனால் காட்டு மரம், தோட்ட மரம் என்ற வித்தியாசம் சாமானியர் மனசில் அழிந்து போய், மரமென்றாலே குற்றம் என்றாகிவிட்டது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2009-இல் நேரெதிராகச் சட்டம் போட்டது: மாகாண அரசின் பணத்தில் எழும் கட்டடத்துக்கு முதன்மைப் பொருள் மரமே. அதை ஆதரித்து ஊர் மன்றங்கள் தீர்மானம் போட்டன. வண்டு அரித்துக் காய்ந்த பைன் காடுகளும் படுத்துப்போன மரத்தொழிலும் அவர்களுக்குக் காரணம். ஜப்பானும் 2010-இல் பொதுக் கட்டடங்களுக்கு இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. போருக்குப் பின் நட்ட மரங்கள் அங்கே முதிர்ந்து நின்றன.

காந்தலூரிலும் நட்ட மரம் நின்றது, கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ். பூண்டும் கிழங்கும் விளைந்த வயலில் நட்டார்கள். தேயிலை ஆலை விறகுக்கும் காகிதக் கூழுக்கும் போயிற்று, வீட்டுக்கு வரவில்லை. காயும்போது முறுக்கிப் பிளக்கும் மரம் அது. பக்குவப்படுத்த உலைக்கூடம் வேண்டும், அந்த ஏற்பாட்டை யார் செய்வது? “ஊத்துத் தண்ணியைப் பூரா உறிஞ்சிருச்சுங்க” என்பதே ஊர்க்காரர் பேச்சு. 2015-இல் அஞ்சுநாட்டில் அவற்றை அகற்ற மாநில அரசு உத்தரவிட்டது.

2020 ஜூலையில் பொதுப்பணித்துறையின் 27 ஆண்டுத் தடை நீங்கியது. 2023-இல் காந்தலூர் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருதைப் பெற்றது. கட்டட அனுமதி கொடுப்பது அங்கே ஊராட்சி. சர்க்காருக்கென ஒதுக்கிய மரத்தைப் பற்றி முடிவெடுப்பது வருவாய்த்துறையும் வனத்துறையும். “மரத்தில் கட்டுங்கள்” என்று ஊராட்சி நாளைக்கே தீர்மானம் போட்டாலும், எந்த மரத்தில் என்று அதனால் சொல்ல முடியாது.