மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயர்: 1970 முதல் 2024 வரை

சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் 2010–11 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கில் 4,72,91,159 ரூபாயைத் தொழில் செலவாகக் காட்டியது. 'ஜின்கோவிட்' என்ற சத்து மாத்திரையைப் பற்றி மருத்துவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த ஆன செலவு என்று விளக்கமும் தந்தது. விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, எல்.சி.டி. டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் ஆகியவை அந்த விழிப்புணர்வில் அடங்கின. வரித்துறை இந்தச் செலவை 2009 டிசம்பர் 14 என்ற தேதியில் இரண்டாக வெட்டியது. அன்றுவரை கொடுத்ததற்கு வரிக் கழிவு உண்டு, அதற்குப் பின் கொடுத்ததற்கு இல்லை. மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பரிசோ பயணச் செலவோ பணமோ பெறக் கூடாது என்ற இந்திய மருத்துவக் கவுன்சிலின் திருத்த விதி நடைமுறைக்கு வந்த தேதி அது.

இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன், தங்கக் காசு கொடுத்தாவது ஒரு மாத்திரையின் பெயரைச் சீட்டில் எழுத வைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கதை பரிசில் தொடங்கவில்லை, பெயரில் தொடங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியாவில் 1911-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நீடித்தது. மருந்துச் சந்தை வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே குறிப்பிட்டது. காப்புரிமையை ஆராய்ந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-இல் தந்த அறிக்கையின் வழியில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே இருந்தது. வேறு வழியில் செய்யத் தெரிந்தவர் யாரும் அதே மருந்தைச் செய்ய முடிந்தது. மருந்து மலிந்தது. ஏழை நாடுகள் பலவற்றுக்கும் இந்திய மாத்திரை போய்ச் சேர அந்தச் சட்டமே வழி திறந்தது.

ஆனால் ஒரே மருந்தைப் பத்துக் கம்பெனிகள் செய்தால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். அட்டையில் உள்ள பெயர்தான் வேறு. அந்தப் பெயரைப் பொதுமக்களிடம் கொண்டுபோவதும் எளிதல்ல. பல நோய்களுக்கான மருந்துகளைப் பொதுவெளியில் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. மிச்சமிருந்த ஒரே வாசல் மருத்துவரின் மேசை. மருந்து விதிகளோ அந்த வாசலுக்குப் பூட்டும் போட்டன: அட்டவணை எச், எக்ஸ் மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக அதே மருந்தை வேறு பெயரில் கடைக்காரர் தரக் கூடாது. போலி மருந்தையும் கடைக்காரரின் விருப்பத்தையும் தடுக்க வந்த விதி இது, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர் எழுதும் ஒரு சொல் ஒரு கம்பெனியின் விற்பனையை அப்படியே உறுதிசெய்துவிட்டது. பேனாவுக்கு விலை வந்தது அப்படித்தான்.

இதைக் காலத்திலேயே கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு 1975-இல் தந்த அறிக்கை, பிராண்ட் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. 1978-ஆம் ஆண்டு மருந்துக் கொள்கை அதை ஐந்தே மருந்துகளுக்குச் சுருக்கியது: அனால்ஜின், ஆஸ்பிரின், குளோர்ப்ரோமசின், ஃபெரஸ் சல்ஃபேட், பைப்பரசின். அந்த ஐந்தும் நீதிமன்றத்தில் சிக்கிக் கரை சேரவில்லை. ஹாத்தி அறிக்கையின் பிற பரிந்துரைகள் பல ஆண்டுகள் பேசப்பட்டன. இந்த ஒன்று மட்டும் ஓரம் கட்டப்பட்டது. அடுத்து வந்த விதிகளில் பெரும்பாலானவை பெயரை விட்டுவிட்டுப் பரிசைத் துரத்தியவை என்றே நான் வாசிக்கிறேன்.

இதே ஆண்டுகளில்தான் 'எம்.ஆர்.' அல்லது 'ரெப்' எனப்படும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் தொழிலும் வேரூன்றியது. கழுத்தில் டை, கையில் கனத்த தோல்பை, நோயாளிகள் முடியும்வரை கிளினிக் ஓரத்தில் நின்றபடி காத்திருப்பு. இவர்களுடைய பணி நிலைமைக்காக 1976-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அந்தப் பணி மருத்துவரின் முடிவை என்ன செய்கிறது என்ற கேள்வியை எழுப்ப இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பையில் சாம்பிளும் படம் போட்ட 'விஷுவல் எய்டு' ஏடும் இருக்கும். பேச்சு சில நிமிடங்களில் முடியும். அசல் வேலை பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. எந்த டாக்டர் எந்தக் கம்பெனி மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்று கடைக்காரரிடம் விசாரித்து ரெப் குறித்துக்கொள்வார். தொழிலில் இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். மருத்துவர் தம் சீட்டைத் தமக்கும் நோயாளிக்கும் இடைப்பட்டதாக நினைத்திருக்க, மூன்றாவது ஆள் ஒருவர் அதைத் தவணை தவறாமல் படித்துக்கொண்டிருக்கிறார்.

'ஒரு பேனாவுக்கா நான் மருந்தை மாற்றி எழுதுவேன்?' என்று கேட்கும் மருத்துவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சி மருத்துவர்களிடம் நடந்த, 2001-இல் வெளியான ஆய்வொன்றில், விற்பனைப் பிரதிநிதிகளால் தம் எழுத்து மாறுவதில்லை என்றவர்கள் 61 சதவீதம். மற்ற மருத்துவர்களும் அப்படித்தான் என்று நம்பியவர்கள் 16 சதவீதமே. 2016-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், நிறுவனச் செலவில் ஒரே ஒரு முறை சாப்பிட்டவர்களிடம்கூட அந்த நிறுவனத்தின் பிராண்டை எழுதும் விகிதம் கூடுதலாக இருந்தது. சாப்பாட்டின் விலை பெரும்பாலும் 20 டாலருக்குக் கீழே. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, தொடர்பை மட்டுமே காட்டியது.

இந்திய விதிகளுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு விதி வாங்கும் கையைக் கட்டியது, கொடுக்கும் கையைத் தொடவில்லை. கவுன்சிலுக்கு மருத்துவர்கள் மீதுதான் அதிகாரம் இருந்தது, கம்பெனிகள் மீது இல்லை. 2016 பிப்ரவரித் திருத்தம் தண்டனைக்கு விலைப்பட்டியல் போட்டது: 1,000 முதல் 5,000 ரூபாய் வரை பெற்றால் கண்டனம், தொகை ஏற ஏறப் பதிவேட்டிலிருந்து நீக்கும் காலமும் ஏறும். அதே திருத்தம் 'மருத்துவர் சங்கங்கள்' என்ற சொல்லை விதியிலிருந்து எடுத்துவிட்டது. தனி மருத்துவருக்கு ஆகாதது சங்கத்துக்கு ஆகும் என்றாயிற்று. நிறுவனங்களுக்கென 2015 ஜனவரி முதல் ஒரு நடத்தை நெறி வந்தது, அதுவும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில்.

இந்த இடைவெளியில் நுழைந்தவர் வருமான வரி அதிகாரி. விதிக்குப் புறம்பான பரிசுக்கு வரிக் கழிவு கிடையாது என்று 2012 ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. அபெக்ஸ் வழக்கில் நிறுவனத்தின் வாதம் எளிமையானது: தடை மருத்துவருக்கு, எங்களுக்கு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2022 பிப்ரவரி 22-இல் நீதிபதிகள் யு.யு. லலித், ரவீந்திர பட் அமர்வும் ஏற்கவில்லை. வாங்குவது குற்றமென்றால் கொடுப்பதற்குச் சலுகை கேட்க முடியாது என்றும், அந்தப் பரிசுகளின் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியிடமே வந்து சேர்கிறது என்றும் தீர்ப்பு சொன்னது. ஆனால் அது தடை செய்தது வரிக் கழிவைத்தான். வரியைக் கட்டிவிட்டுக் கொடுக்கும் கம்பெனியை அந்தத் தீர்ப்பு எதுவும் செய்ய முடியாது.

பெயரை நோக்கி இன்னொரு முயற்சி 2023-இல் நடந்தது. கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம், சீட்டில் மருந்தின் பொதுப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை, எழுதுவதை ஆகஸ்ட் 2-இல் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் 23-இல் நிறுத்தி வைத்தது. ஜெனரிக் மருந்துகளின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பது மருத்துவர் சங்கத்தின் கேள்வி. அது சாக்கு மட்டுமல்ல. சீட்டில் ஜெனரிக் பெயரை எழுதினால் எந்தக் கம்பெனி என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார், அவர் பார்ப்பது லாப விகிதத்தை. ரெப் கிளினிக்கை விட்டுக் கடைக்கு இடம் மாறுவார், அவ்வளவுதான். 2024 மார்ச் 12-இல் வந்த புதிய நடத்தை நெறி பரிசையும் பயணத்தையும் தடுத்து, நினைவூட்டுப் பொருளுக்கு 1,000 ரூபாய் வரம்பு வைத்தது. பிராண்ட் பெயரை அது தொடவில்லை.

கடைக்காரரும் இல்லாத, பெயரும் இல்லாத ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஜெனரிக் பெயரில் டெண்டர் விட்டு, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்புகிறது. காலையில் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டில் 'பாராசிட்டமால்' என்று எழுதும் மருத்துவர், பணி நேரம் முடிந்தபின் தம் சொந்த கிளினிக்கில் உட்காருகிறார். அங்கே மேசை மேல் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் அச்சிட்ட பேனா ஸ்டாண்ட் இருக்கிறது. காலையில் எழுதிய மருந்தையே அங்கே வேறு பெயரில் எழுதுகிறார்.