எழுத்துக்கு இட்ட விலங்கு

கல்லாமையைக் காப்பதற்கென்றே சட்டம் இயற்றிய நாடு அமெரிக்கா. 1740-இல் தென் கரோலினா, அடிமைக்கு எழுதக் கற்பிப்போர்க்கு நூறு பவுன் தண்டம் விதித்தது. எழுதக் கற்றவன் தனக்குத் தானே வழிச்சீட்டு எழுதிக்கொண்டு தப்பிவிடுவான் என்று ஆண்டைகள் அஞ்சினர்.

1829-இல் டேவிட் வாக்கர் என்னும் கறுப்பினத்தார் பாஸ்டனில் வெளியிட்ட அடிமை எதிர்ப்பு நூல் தென்னாட்டிற்குள் நுழைந்ததும் அவ்வச்சம் பன்மடங்காயிற்று. வட கரோலினா 1830-இல் இயற்றிய சட்டமோ விந்தையிலும் விந்தை! அடிமைக்குப் படிக்கவோ எழுதவோ கற்பிக்கலாகாது. எண் மட்டும் கற்பிக்கலாம். எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்போம் நாம். அவர்களோ ஒரு கண்ணை விட்டு மறு கண்ணைக் குத்தினர். ஆண்டையின் மூட்டைகளை எண்ண ஆள் வேண்டுமன்றோ? அடிமையொருவன் மற்றோர் அடிமைக்கு எழுத்தறிவித்தால் முப்பத்தொன்பது கசையடி.

அடிமைக்கு இட்ட விலங்கு அடிமையோடு நின்றுவிடவில்லை. வர்ஜீனியா 1831-இல், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்கக் கூடுவதையே சட்டவிரோதக் கூட்டம் என்றது. நார்ஃபோக் நகரில் அவர்தம் பிள்ளைகளுக்குத் தம் இல்லத்தில் கற்பித்த மார்கரெட் டக்ளஸ் என்னும் வெள்ளை மாது 1853-இல் கைது செய்யப்பட்டார். திருக்கோயில் பள்ளியிலும் இதுவே நடக்கிறதே என்று தாமே வாதாடினார், பயனில்லை. 1854-இல் ஒரு திங்கள் சிறை ஏகினார்.

அதே வர்ஜீனியாவின் ஹாம்டனில் மேரி பீக் என்னும் கறுப்பின மாது மறைவாகவே கற்பித்து வந்தார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டு, வடபுலப் படையின் கோட்டையை நாடி அடிமைகள் ஓடிவந்தபோது, வெட்டவெளியில் ஓக் மரத்தடியில் அவர் பள்ளி தொடங்கினார். பகலில் சிறுவர் கற்றனர். இரவில் பெற்றோர் கற்றனர்.