தண்ணிக்கு வெளியே சுத்தும் விசிறி

இன்னைக்குக் கதையை வடக்குப்பட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஒரகடம் பக்கத்துல, கார் ஃபேக்டரிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவுல இருக்கிற ஊர். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டினப்போ கற்காலக் கருவிகளோட ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைச்சது. கடல் தாண்டி வந்த ஜாடி! இன்னைக்கு இந்தப் பக்கத்துல செய்யுற கார்கள் எண்ணூர்ல கப்பல் ஏறிப் போகுது. கடல் கண்ணுக்குத் தெரியாத ஊருக்கும் கடலோட கணக்கு உண்டு.

அந்தக் கணக்குல நம்ம கரைக்கு ஒரு தனிச் சிக்கல்: அலை உடையுற இடம். சென்னையில துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல்கள் தள்ளி நிக்கும். பலகைகளைக் கயித்தால தைச்சுக் கட்டின மசூலா படகுலதான் ஆளும் சரக்கும் கரைக்கு வரணும். மோதினா வளைஞ்சு கொடுக்கிற படகு அது. அதுக்கும் கட்டுமரத்துக்கும் துடுப்பு போதும். என்ஜின் வந்தப்புறம்தான் புதுத் தலைவலி.

என்ன தலைவலி? உங்க வீட்டு மிக்ஸியை நினைச்சுக்கோங்க. ஜார்ல சட்னி கொஞ்சமா இருந்தா பிளேடு காத்துல சுத்தும். சத்தம் ஏறும், சட்னி அரையாது. படகோட புரொப்பல்லர், அதாவது மீனவர்கள் சொல்ற விசிறி, தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல சுத்துனா மேலேருந்து காத்தை இழுத்துக்கும். பிடிமானம் போயிடும், என்ஜின் மட்டும் கத்தும். இதுக்குப் பேர் வென்டிலேஷன். அலை பின்னாடி எழும்பித் தூக்குற நொடியில இது நடந்தா என்ன ஆகும்? வேகம் தேவைப்படுற நேரத்துல வேகம் இருக்காது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பும், கவுந்துடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதோட இன்னொண்ணைப் போட்டுக் குழப்பிக்கக்கூடாது: கேவிட்டேஷன். ஊட்டியில காத்தழுத்தம் குறைவு, அதனால தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும். வேகமாச் சுத்துற விசிறியோட இலையில அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா, பச்சைத் தண்ணியே அந்த இடத்துல ஆவியாகும். அந்தக் குமிழிகள் உடையும்போது உலோகத்தையே அரிச்சிடும். 1894-ல் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் வச்ச ‘டர்பினியா’ கப்பலை ஓட்டிப் பார்த்தப்போ இதுலதான் மாட்டினார். பலம் நிறைய, ஆனா வேகம் 20 நாட்டைத் தாண்டல. கடைசியில 3 தண்டு, தண்டுக்கு 3 விசிறி, மொத்தம் 9 விசிறி போட்டார். 1897 ஜூன் 26 அன்னைக்கு, விக்டோரியா ராணியோட வைர விழாக் கடற்படை அணிவகுப்புல, 34 நாட்டுக்கு மேல பறந்து எல்லாரையும் வாயடைக்க வச்சார். பார்சன்ஸ் பண்ணது சுமையைப் பல விசிறிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தது.

இன்னொரு வழியும் இருந்தது: விசிறியைப் பாதி வெளியிலேயே விட்டுடறது! கனடாவுல பிறந்த ஆல்பர்ட் ஹிக்மன் 1910-கள்லயே தன்னோட ‘சீ ஸ்லெட்’ படகுகள்ல இதைச் செஞ்சார். தண்டும் அதைத் தாங்குற சட்டமும் தண்ணிக்குள்ள இழுபடாது. குறைஞ்ச அழுத்தம் உண்டாகுற இடத்தை ஆவிக்குப் பதிலா காத்து நிரப்பும், அதனால உலோகம் அரிக்காது. இதுக்குன்னே இலையோட முன்விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாவும் பின்விளிம்பு தடிமனாவும் செய்வாங்க. சரியா 53 வருஷம் கழிச்சு, அதே ஜூன் 26, 1950-ல், அமெரிக்காவோட வாஷிங்டன் ஏரியில ஸ்டான்லி சேயர்ஸ் ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ படகை மணிக்கு 160 மைலுக்கு மேல ஓட்டினார். வடிவமைச்சவர் டெட் ஜோன்ஸ். வேகத்துல பின்பக்கமே தூக்கி, பாதி விசிறி மேலதான் படகு நிக்கும். 1939-ல் மால்கம் கேம்ப்பெல் போட்ட 141 மைல் சாதனை காலி.

ஆனா இலவசமா எதுவும் கிடைக்காதில்லையா? இந்த விசிறி மெதுவாப் போகும்போது சரியாத் தள்ளாது, பக்கவாட்டுல இழுக்கும், பின்னோக்கிப் போறதும் கஷ்டம். ஹாபி கடையில கிடைக்கிற ரிமோட் ரேஸ் படகுலயே பார்க்கலாம். கிளம்பும்போது தண்ணியை வாரி இறைக்கும், வேகம் பிடிச்ச அப்புறம்தான் சமத்தாகும்.

இப்போ நம்ம கரைக்குத் திரும்பலாம். ரேஸ்காரருக்கு அமைதியான ஏரி இருக்கு. மீனவருக்கு அலையும் மணலும் வலையும்தான். 1979-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையிலேருந்து நடத்த ஆரம்பிச்ச வங்காள விரிகுடாத் திட்டம், கரையில ஏத்துற படகுகளுக்காக ஒரு அமைப்பை உருவாக்குச்சு. டீசல் என்ஜினும் தண்டும் ஒண்ணாச் சாயும், கரை நெருங்கும்போது விசிறியைத் தூக்கிக்கலாம். 2004 சுனாமிக்கு அப்புறம் கரையெல்லாம் ஃபைபர் படகு பெருகினப்போ, அதுல பரவலா இருந்தது லாங் டெயில் என்ஜின். நீளமான தண்டு, நுனியில சின்ன விசிறி. ஓட்டுறவர் கைப்பிடியை அழுத்தினா விசிறி மேல வரும், விட்டா கீழ போகும். காத்து உள்ளே வந்துடுச்சுன்னு என்ஜின் சத்தத்துலயே தெரியும், கை உடனே திருத்தும்.

அங்கே காத்தை வேலைக்கு வச்சாங்க. இங்கே காத்தோட வாழக் கத்துக்கிட்டாங்க. முதல் வகைக்கு சாதனைப் பட்டியல்ல பேர் இருக்கு. ரெண்டாவது வகைக்குப் பட்டியல் எதுவும் இல்ல. ஆனா அந்த அறிவு தினமும் விடியற்காலையில அலையைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருது. அடுத்த தடவை காசிமேடு, கோவளம் பக்கம் போனா செல்ஃபிக்கு நடுவுல ஒரு நிமிஷம் அந்த என்ஜின் சத்தத்தைக் கேளுங்க. கத்தலா, முனகலான்னு இனி உங்களுக்கே புரியும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.