குவாதலூப்பில் ஒரு சிதம்பரம்

இன்று ஒரு சிறிய பூகோளப் பாடம், கூடவே கொஞ்சம் வரலாறு.

உலகப் படத்தில் கரீபியன் கடலைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் ஒரு தீவு தெரியும். பெயர் குவாதலூப். சுமார் 1,600 சதுர கிலோமீட்டர். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே ஒரு குறுகிய கடல் கால்வாய். அதன் பிரெஞ்சுப் பெயருக்கு நேர் பொருள் உப்பாறு!

மேற்கு இறக்கையின் பெயர் பாஸ்தேர், அதாவது தாழ்ந்த நிலம். ஆனால் 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை நிற்பது அங்கேதான். கிழக்கே இருப்பது கிராந்தேர், பெரிய நிலம். உண்மையில் அதுதான் சிறியது. கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று மலையில் முட்டி மழையாகக் கொட்டும்; தாழ்வான சுண்ணாம்புப் பாறை நிலமான கிராந்தேரில் மழை குறைவு. கொடைக்கானலில் மேகம் இறங்கி நனைக்கும்போது, கீழே பழனிப் பக்கம் வெயில் அடிப்பதைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஏழை மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற முதல் கப்பல் அங்கே சேர்ந்தது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டி அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடுத்த 35 ஆண்டுகளுக்குள் இந்தியாவிலிருந்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பவே இல்லை.

அவர்களின் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தார்கள். ஆனாலும் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. கப்பலில் வந்தவர்களின் மகனாக 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், 1904-இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி வழக்காடத் தொடங்கினார். தீவின் நிர்வாகம் எதிர்த்தது. அவர் விடவில்லை. 1923-இல்தான் உரிமை கிடைத்தது. 1946 முதல் அந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம் போலவே ஆளப்படுகிறது, செலாவணி யூரோ.

தமிழ் பேச்சு அங்கே அநேகமாக மறைந்துவிட்டது. மாரியம்மன் மட்டும் 'மலியேமின்' என்ற பெயரில் இருக்கிறாள். தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன.

நம் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சிதம்பரத்துக்கு 19 ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.