செவிமந்தமும் செவியிரைச்சலும்: அரபு மருத்துவம் கேட்ட முதற்கேள்வி

செவிப்புலன் குன்றுவதைக் குறிக்க அரபு மொழி ஒரே சொல்லோடு நின்றுவிடவில்லை. நீஷாப்பூரின் மொழியறிஞர் ஸஆலிபீ (961–1038) தமது 'ஃபிக்ஹுல் லுகா' நூலில் அதனை நான்கு படிகளாக வரிசைப்படுத்துகிறார். முதற்படி வக்ர், அது மிகுந்தால் ஸமம், மேலும் மிகுந்தால் தரஷ், இடியோசையும் கேளாத நிலை ஸலக். இவற்றுள் வக்ர் என்னும் சொல் திருக்குர்ஆனிலும் (6:25) ஆளப்பட்டிருப்பதை வாசகர் அறிவர். புறத்தே ஓசையின்றிக் காதினுள் எழும் ஒலிக்கும் தனீன், தவீ என இரு பெயர்கள் உண்டு. முன்னது ஈ, கொசுக்களின் ரீங்காரத்தை ஒத்தது; பின்னது தேனீக் கூட்டத்தின் இரைச்சலை ஒத்தது.

மொழியில் கண்ட இப்பகுப்புணர்வை மருத்துவ நூல்களிலும் நாம் காண்கிறோம். இப்னு ஸீனா (980–1037) இயற்றிய 'அல்கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்களைக் கொண்டது. தலை முதல் கால் வரை உறுப்புகளின் நோய்களைக் கூறும் மூன்றாம் பாகத்தில் காதுக்கெனத் தனிப் பகுதி உள்ளது. ரோஜா எண்ணெய், கசப்பு வாதுமை எண்ணெய், காடி முதலிய எளிய மருந்துகள் அங்கே பேசப்படுகின்றன. ஆயினும் மருந்துக்கு முன்னர் காரணமே ஆராயப்படுகிறது. குறை பிறவியிலேயே வந்ததா, அழுக்கு அடைத்ததா, புண் உண்டாயிற்றா, அன்றி நரம்பிலும் மூளையிலும் கோளாறா என்பதே முதற்கேள்வி. காதில் விடும் மருந்து இளஞ்சூடாக இருத்தல் வேண்டும் என்பதும், இரைச்சல் உள்ளோர் கடும் வெயிலையும் உரத்த கூச்சலையும் தவிர்த்தல் நன்று என்பதும் அவர் தரும் அறிவுரைகள்.

அந்தலூஸின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீயும் இந்நெறியே நின்றார். முப்பது பகுதிகள் கொண்ட அவரது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி, காதினுள் விழும் பொருள்களை நால்வகையாகப் பிரிக்கிறது: கல், கண்ணாடி போன்றவை, கடலை போன்ற வித்துகள், நீர், காடி போன்ற திரவங்கள், பூச்சிகள். கல்லாயின் எண்ணெய் விட்டு எடுக்க முயலலாம். வித்தோ ஈரத்தில் ஊதிப் பருக்கும். ஆகவே அதற்கு வேறு முறை. ஒரே காது, ஒரே அடைப்பு. எனினும் பொருள் மாறின் சிகிச்சையும் மாறுகிறது.

அம்மருத்துவர்கள் கொண்டிருந்த நால்வகைத் தாதுக் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும் காரணத்தை முன்னும் மருந்தைப் பின்னும் வைத்த அவர்களது வரிசை பழுதுபடவில்லை. குறும்பி இறுகி அடைத்ததால் வந்த மந்தத்திற்கு, ஆலிவ் எண்ணெயோ வாதுமை எண்ணெயோ சில துளி விட்டு இளக்குவதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. குறும்பி அகன்றால் செவி திறக்கும். அதனால் எழுந்த இரைச்சலும் அடங்கும். ஆனால் முதுமையாலோ பேரோசையாலோ உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்திருப்பின், அவை மீண்டும் முளைப்பதில்லை. பழுதற்ற செவிப்பறையைக் கடந்து எண்ணெய் அவ்விடத்தை அடைவதுமில்லை. செவிப்பறையில் துளை இருப்பின் வீட்டு எண்ணெய் நடுச்செவியில் புகுந்து தீங்கே செய்யும்.

உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஓரளவில் செவிக்குறை உடையோர் என 2021இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவர்களுள் பலருக்குக் கைகொடுப்பது செவித்துணைக் கருவியேயன்றிக் கைவைத்தியம் அன்று. ஓரிரு நாளில் திடீரெனக் காது கேளாமற் போதல் இன்னும் அவசரமானது. சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு மிகும். பூண்டு காய்ச்சிய எண்ணெயை வாரக்கணக்கில் விட்டுக் காத்திருப்போர் அவ்வாய்ப்பை இழக்கின்றனர்.

முன்னோரின் எண்ணெயை நம் இல்லங்கள் மறவாமல் காத்துவந்துள்ளன. அதற்கு முன் அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் நாம் கைவிட்டோம். இப்னு ஸீனாவின் பெயரால் ஒரு துளி மருந்தைப் பரிந்துரைப்போர், காரணத்தை அறியும் அவரது கடமையையும் உடன் ஏற்றல் வேண்டும். இன்று அக்காரணத்தைச் செவியினுள் நோக்கிச் சொல்லவல்லவர் காது மருத்துவரே.