பூசலார் உள்ளத்துத் திருக்கோயில்

மக்கள் மனத்தின் ஆழத்தை அளந்தறிய வல்லார் யார்? அடுத்த வீட்டார்க்கும் புலப்படாமல் ஒரு பெருங்கோயிலையே தன்னுள் மறைத்து வைக்க வல்லது அது. தொண்டைநாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் வரலாறே இதற்குச் சான்று.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்தது அவ்வரலாறு. சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்த பூசலார் பொருள் தேடி எங்கும் அலைந்தார்; சிறிதும் கிடைத்திலது. பின்னர் மனத்தையே நிலமாகக் கொண்டார். இதனை வெறுங்கற்பனை என்று எண்ணிவிடலாகாது. நல்ல நாள் பார்த்துக் கடைகால் எடுத்தார், தச்சரைச் சேர்த்தார், இரவிலும் கண் துயிலாது பணி நடத்தினார், சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் தோண்டி, மதிலும் எழுப்பினார். கிணற்றைக்கூட மறந்தாரில்லை! திருப்பணியில் உழைத்தவர்க்கே அதன் அருமை விளங்கும். நம் பேரணாம்பட்டில் தோல் பதனிடுவோர் அறிவர்: நிறம் மேலே விரைவில் ஏறும், ஆவாரம்பட்டைச் சாறு உள்வரை ஊறுவதற்கு நாள் பல செல்லும். பூசலார் எண்ணமும் அவ்வாறே நெடுநாள் ஊறியது.

அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளையே, காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமானும் குறித்திருந்தான். நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்துள் அன்று புகவிருப்பதால் நின் விழாவைத் தள்ளி வைப்பாயாக என்று இறைவன் அவன் கனவில் பணித்தருளினான்.

அம்மன்னன் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனே அவன் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவன் அசரீரி கேட்டான் என்று அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு கூறுவது இதற்கு அரண் செய்கிறது. கனவாயினும் அசரீரியாயினும், அதுவும் ஓர் உள்ளத்தின் ஆழத்திலன்றோ கேட்டது? திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் அவனுடைய விருதுப் பெயர்கள் 250-க்கு மேல் பொறிக்கப்பெற்றுள்ளன. பூசலார் பெயர் அவற்றிடையே இல்லை.

மன்னன் நின்றவூர் சென்று வினவ, அவ்வாறு ஒரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரார். பூசலாரிடம் தானே சென்று கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முடிமன்னன் நிலமுற விழுந்து வணங்கி மீண்டான். பூசலாரோ, தாம் குறித்த நாளில் இறைவனைத் தம் உள்ளக் கோயிலில் எழுந்தருளச் செய்து, பல நாள் பூசனை புரிந்து வாழ்ந்தார்.