அங்காதிபாதம் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்

நர்சிங், லேப் டெக்னீசியன், பிசியோதெரபி என்று எதில் சேர்ந்தாலும் முதல் வருஷம் இரண்டு பாடத்திலிருந்து தப்பிக்க முடியாது: அனாடமி, பிசியாலஜி. உடம்பில் என்னென்ன இருக்கிறது, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் விஷயம். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் உருப்போடுகிறார்கள். எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குக் கல்லீரல் 'ஃபுவா', மண்ணீரல் 'ராத்'. வீட்டில் பாட்டிக்கு வயிற்று வலி என்றால் அந்த இரண்டு சொல்லும் உதவாது.

இதே பாடத்தைத் தமிழில் நடத்தி, தமிழில் பரீட்சை வைத்து, வைத்தியர்களை உருவாக்கிய ஓர் இடம் 150 வருஷத்துக்கு முன்பே இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள மானிப்பாய்தான் அது. நடத்தியவர் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-ல் பிறந்தவர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருஷமே சில இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் தமிழ்ப் புத்தகத்துக்கான வேலை 1850-களிலேயே தொடங்கிவிட்டது. அவர் முதலில் எடுத்துக்கொண்டது பெரிய வைத்திய நூல் எதையும் அல்ல. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கால்வின் கட்டர் எழுதிய ஆரம்பப் பாடநூல். அதன் தமிழ்ப் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்கும்! ஆனால் பிரித்துப் பார்த்தால் எளிதுதான். அங்காதிபாதம் அனாடமி. சுகரணம் பிசியாலஜி. உற்பாலனம் என்றால் உடம்பைப் பேணும் முறை, ஹைஜீன். பாதாதிகேசம் கேட்டுப் பழகிய நமக்கு அங்காதிபாதம் அந்நியமாகப் படாது. இன்று உடற்கூற்றியல் என்கிறோம். எனக்கு என்னவோ பழைய சொல்தான் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிடவில்லை. கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. தமிழிலும் வடமொழியிலும் பொருத்தமாக அகப்படாதபோது ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் வேஷ்டி கட்டிவிட்டார். ஆபீசில் பைல், ரிஜிஸ்டர், பில் என்று காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு அதில் குறை சொல்ல வாயில்லை.

1864-ல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். இதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்த பையன்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலை தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். தமிழில் படித்தால் சொந்தக் கிராமத்திலேயே தங்கி, சனங்களின் பாஷையிலேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. கிராமத்து நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான கணக்கு. ஆனால் அந்தப் பையனின் பக்கத்திலிருந்தும் பார்க்கத்தானே வேண்டும்? சர்க்கார் உத்தியோகம் ஒரு குடும்பத்தை எப்படித் தூக்கிவிடும் என்பது அதில் முப்பது நாற்பது வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கதவைச் சாத்தித்தான் கிறீன் அவனை ஊரில் இருத்தினார்.

இருந்தாலும் வந்து படித்தார்கள். கிறீனிடம் படித்துத் தேறியவர்கள் அறுபது பேருக்கு மேல். புத்தகங்களை மொழிபெயர்த்ததும் பெரும்பாலும் அந்த மாணவர்கள்தான். கிறீன் கூட உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினார். அறுவைச் சிகிச்சைக்கு 'இரணவைத்தியம்' 1867-ல் வந்தது. லண்டனில் 1858-ல் முதன்முதலாக வெளிவந்த கிரேயின் அனாடமி, 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வந்துவிட்டது. நடுவில் வெறும் 14 வருஷம். இன்றைக்கு ஒரு மருத்துவ நூல் அவ்வளவு சீக்கிரம் தமிழுக்கு வருமா?

இதற்குள் 1870-ல் கொழும்பில் அரசாங்கமே மருத்துவப் பள்ளி திறந்துவிட்டது. அங்கே எல்லாம் ஆங்கிலம். அங்கே படித்தவனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இடம் காத்திருந்தது. மானிப்பாயில் தமிழில் படித்தவனுக்கு அப்படி எதுவும் இல்லை. சொற்கள் போதவில்லை, தமிழில் விஞ்ஞானம் வராது என்றெல்லாம் நம்மவர்கள் காரணம் சொல்வதுண்டு. மானிப்பாயில் சொற்களுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. படித்து முடித்த பிறகு உட்கார நாற்காலிதான் இல்லை.

1873-ல் கிறீன் ஊர் திரும்பினார். சில வருஷங்களில் தமிழ் வகுப்பும் நின்றுபோனது. மனிதர் விடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வரும் கையெழுத்துப் பிரதிகளை ஊஸ்டரில் உட்கார்ந்து திருத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். பிசியாலஜிக்கான 'மனுஷ சுகரணம்' 1883-ல் அச்சாகி வெளிவந்தது. அதைக் கையில் வைத்துப் படிக்க மானிப்பாயில் அப்போது மாணவர்கள் இல்லை. மறு வருஷம் கிறீன் காலமானார்.